மறுமுனை

அதிகாலை நாலரைக்கு அம்மா அடுக்களை விளக்கைப் போட்டபோது என் செல்போன் பத்து மணி காட்டியது. அது மெல்பர்ன் நேரம். ஊருக்கு வந்து இருபத்தாறு நாளாக இந்திய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததை முந்தின இரவு நான்தான் மாற்றி வைத்தேன். ஒரு நாள் முன்னாலேயே மாற்றிக்கொண்டால், போய் இறங்கிய மறுநாள் வேலைக்குப் போக உடம்பு முரண்டு பிடிக்காது என்று ஒரு கணக்கு. இருபது வருஷமாக அப்படித்தான் செய்துவருகிறேன். ஒரு பக்கம் தொய்ந்துபோன நாடாக் கட்டிலில் உட்கார்ந்தபடி அந்த எண்களைப் பார்த்தேன். மாலை ஐந்து மணிக்குத்தான் கார் வரும். மதுரையில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் மாறி, அங்கிருந்து மெல்பர்ன். இன்னும் முழுசாகப் பன்னிரண்டரை மணி நேரம் ராஜபாளையத்தில் இருக்கப்போகிறவள், நேரத்தை மட்டும் முன்கூட்டியே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி இந்திய நேரத்துக்கே திருப்பி வைத்தேன்.

ஊரை விட்டுக் கிளம்பும் நாளை எப்படிக் கழிப்பது என்பது உள்ளூரிலேயே இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வந்துபோகிறவர்களுக்கு அது அப்படி இல்லை. வந்த முதல் வாரம் பாதி தூக்கத்தில் போய்விடும். நடுவில் ஒரு கல்யாணம், பாங்க் வேலை, பட்டா வேலை, பல் ஆஸ்பத்திரி. தள்ளிப் போட்டதெல்லாம் கடைசி நாளில் வந்து விழும். பார்க்காத ஆட்கள், வாங்காத பொருள், சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டது என எல்லாவற்றையும் அந்த ஒரு பகலுக்குள் திணிக்கப் பார்ப்போம். நானும் அப்படித் திணித்தவள்தான். ஒருமுறை அதில் பெரிதாக இழந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மா குளித்து, தலையை ஆற்றிக்கொண்டே வந்தாள். "வில்லிபுத்தூர் போயிட்டு வந்துருவோமா தாயி? எட்டு மணிக்குள்ள வந்துரலாம்."

எங்கள் ஊரில் யாரும் 'ஸ்ரீ' சேர்ப்பதில்லை, வில்லிபுத்தூர்தான். பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினால் பன்னிரண்டு கிலோமீட்டர். தை மாசத்துப் பனி. இடது பக்கம் மலை இருக்கும் இடத்தில் மலை இல்லை, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நின்றது. ஊர் தாண்டியதும் ஜன்னல் வழியாக மாம்பூ வாசம் வந்தது. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று எங்கள் பக்கத்து மாம்பழங்களைத் தெரிந்தவர்கள் இந்த வாசத்தை மறக்க மாட்டார்கள். எனக்குத்தான் அந்தப் பழம் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய லீவு டிசம்பரிலும் ஜனவரியிலும். பிள்ளைகள் படித்த காலத்தில் அந்த லீவில்தான் வர முடிந்தது. அவர்கள் வளர்ந்த பிறகும் அதுவே பழக்கமாகிவிட்டது. இருபது வருஷமாகப் பூவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன். பழம் வரும் சித்திரையில் அம்மா வீடியோவில் வந்து, ஒரு சப்பட்டையைக் கையில் வைத்து அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டுவாள்.

தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பதினோரு நிலை, 192 அடி. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று வில்லிபுத்தூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். இல்லை, அது மதுரை மீனாட்சி கோயில் மேலக் கோபுரம் என்று வாதாடுபவர்களும் உண்டு. அந்த வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. அப்பாவின் இறப்புச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தபோது, மெல்பர்னில் சமையல்கட்டு மேடைமேல் கணினியை வைத்துத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது அந்த முத்திரையில் இருந்த கோபுரம். பெயரைப் படிக்கும் முன்னால் அதைத்தான் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு அது வில்லிபுத்தூர்க் கோபுரம்தான்.

சன்னிதியில் கூட்டம் இல்லை. ஆண்டாள், ரங்கமன்னார், பக்கத்தில் கருடன் என மூன்று பேரும் ஒரே கருவறையில். ஆண்டாளின் இடது கையில் கிளி. அந்தக் கிளியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்றாலும் ஒருமுறை சொல்ல ஆசையாக இருக்கிறது. தினம் ஒரு கிளி புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, இறகுக்கு நந்தியாவட்டை இலை, எல்லாவற்றையும் கட்டிப் பிடிக்க வாழைநார். பல மணி நேர வேலை. சாத்திக் களைந்த கிளியைப் பக்தர்களுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் இன்னொன்று. தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிற கைகள் இருக்கின்றன. நேற்றைய கிளியைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அங்கே யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

நான் அதற்கு நேர்மாறான ஆள். முந்தின வருகைகளில் இதே இடத்தில் நின்று, 'இதுதான் கடைசி, நன்றாகப் பார்த்துக்கொள்' என்று எனக்கே சொல்லிக்கொண்டு, ஒவ்வொன்றையும் கண்ணில் ஏற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். விளக்கு, துளசி வாசம், அம்மாவின் நரைத்த வகிடு. அப்படிப் பார்த்த எதுவும் மனதில் தங்கவில்லை. தங்கியதெல்லாம் சும்மா நின்றபோது பார்த்தவை. இந்த முறை ஒன்றும் செய்யாமல் நின்றேன். அம்மா தன் முழங்கால் வலியைப் பற்றி ஆண்டாளிடம் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெண் ஊரை விட்டுப் போவது இந்த ஊருக்குப் பழைய கதை. நந்தவனத்தில் துளசிச் செடி அடியில் கிடைத்த குழந்தை. வளர்ந்து, மாலை சூடி, பல்லக்கில் ஏறி ஸ்ரீரங்கம் போய்விட்டாள். போனவள் அரங்கனோடு கலந்ததைச் சொல்கிறவர்கள், கிளம்பிய அன்று காலை அவளை வளர்த்த பெரியாழ்வார் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னதில்லை. ஆனால் பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பதிகம் உண்டு. மாலோடு போய்விட்ட மகளை நினைத்துத் தாய் புலம்புவதாகப் பாடியது. அதில் அந்தத் தாய்க்கு வருகிற கவலைகளைப் பாருங்கள்: மாமியார் அவளை மதித்து நடத்துவாளா? விடியும் முன்னால் எழுந்து, கண் உறங்காமல் உட்கார்ந்து தயிர் கடைய அவளால் முடியுமா? பரம்பொருளுக்கே பெண்ணைக் கொடுத்த பிறகும் இந்தக் கவலை. எங்கள் அம்மா போனில் கேட்பதும் இதேதான். "அந்தக் குளிர்ல காலைல நாலு மணிக்கா எந்திரிச்சுப் போற? யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போறாகளா?" இருபது வருஷம் ஆகிவிட்டது. எனக்கே ஐம்பத்திரண்டு வயது. கேள்வி மாறவில்லை.

வில்லிபுத்தூர் அந்தப் பிரிவை வேறு விதமாகவும் ஆற்றிக்கொண்டிருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு ஆண்டாள் கல்யாணம் இங்கேயே நடக்கிறது. ராஜாவைப்போல மாப்பிள்ளை இங்கேயே அவளோடு நிற்கிறார். ஸ்ரீரங்கம் போனவளும் அவள்தான், போகாமல் இருப்பவளும் அவள்தான். இங்கிருந்து வருஷா வருஷம் போய்வருவது அவள் சூடிக் களைந்த மாலை. சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும்போது போட்டிருப்பது இங்கிருந்து போன மாலை. புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்துக் கருடசேவைக்கும் போகிறது. சூடியதைக் கழற்றிக் கொடுத்தனுப்புகிறார்கள். மறுநாள் இங்கே வேறு பூத் தொடுக்கிறார்கள். நான் ஊரை விட்டுக் கிளம்பும்போது எனக்கு வராத ஒன்று இதில் இருக்கிறது என்று பல தடவை தோன்றியிருக்கிறது. எனக்கு எதையும் கழற்றிக் கொடுக்கத் தெரியாது. கட்டி எடுத்துக்கொண்டு போகத்தான் தெரியும்.

கட்டி எடுத்துப் போவதையும் விதி அனுமதிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து பால் இனிப்பு எதையும் ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. மாடுகளுக்கு வரும் கோமாரி நோய் அங்கே நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான கட்டுப்பாடு அது, நியாயமானதுதான். முதல் முறை ஊருக்கு வந்து திரும்பியபோது எனக்கு இது தெரியாது. இரண்டு கிலோ பால்கோவா வைத்திருந்தேன். என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், சொன்னேன், நானே எடுத்துத் தொட்டியில் போட வேண்டியிருந்தது. பட்டர் பேப்பருக்குள் அது இன்னும் மெத்தென்று இருந்ததை விரல் உணர்ந்தது. அதை அப்பா காலையிலேயே போய்க் காத்திருந்து வாங்கி வந்திருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கடைசி நாளில் வில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு வழி தேடியிருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் சிநேகிதிக்குக் கொடுத்தேன், விமானத்திலேயே பக்கத்து சீட்டுக்காரர்களோடு பகிர்ந்து சாப்பிட்டேன். 2019-ல் இந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு என்னவோ சரியான தீர்ப்பு வந்த மாதிரி இருந்தது: இது இந்த ஊருடையது, இங்கே வந்து சாப்பிடு.

அப்படியே செய்தோம். கோயிலை விட்டு வெளியே வந்ததும், நூறு கிராம் வாங்கி இரண்டு பேரும் கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டோம். விறகடுப்பில் இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. துடுப்பு வைத்துக் கிண்டுகிறவர் தலை நிமிரவில்லை, நிமிர்ந்தால் அடிப்பிடித்துவிடும். பாலும் சீனியும், வேறு ஒன்றும் கிடையாது. கொஞ்சம் புகை வாசம் இருக்கும், அதுதான் வில்லிபுத்தூர். அம்மா தன் பங்கில் பாதியை என் பேப்பரில் தள்ளினாள். சுகர் இருக்கிறது என்றாள். சுகர் இல்லாத காலத்திலும் தள்ளியவள்தான்.

இனி அந்த இழப்பைச் சொல்கிறேன்.

2020 ஜனவரி. அப்போதும் இதே மாதிரி ஒரு கடைசி நாள். பட்டியல் போட்டு வைத்திருந்தேன்: பதினோரு வீடு, நான்கு கடை, தையல்காரர், பாங்க். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம். உட்காராமல் நின்றபடியே காபி குடித்தால் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம். அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பிறகு எங்கள் ஊரில் மில் சங்கை வைத்துத்தான் பல வீடுகளில் உலை வைத்தார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். ரிடையர் ஆன பிறகும் சங்கு ஊதினால் அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார். கை சும்மா இருக்காது. அன்று மதியம் அவர் தன் நாடாக் கட்டிலைப் பிரித்துப்போட்டு, சட்டத்தைத் துடைத்து, புது நாடாச் சுருளோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டில் பின்னுவது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் நாடாவை இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சுருளைச் சட்டத்துக்கு அடியில் விட்டு வாங்க வேண்டும். பிடி தளர்ந்தால் கட்டில் தொய்ந்துவிடும்.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிம்மா" என்றார்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் ஐந்து வீடு பாக்கி. "அடுத்த தடவை வந்ததும் முதல் வேலையா இதைச் செஞ்சிருவோம்ப்பா" என்றேன். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னேன். அவர், "சரிம்மா, நீ போயிட்டு வா" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. வருத்தப்பட்டிருந்தால்கூட நின்றிருப்பேன்.

மார்ச்சில் ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. குடிமக்கள் நாட்டை விட்டு வெளியே போகவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2021 மே மாதம், இங்கே இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஒரு விடிகாலை அப்பாவின் இதயம் நின்றுவிட்டது. எல்லை திறந்தது நவம்பரில். நான் வந்து சேர்ந்தது டிசம்பரில். துட்டி கேட்க வருகிறவர்கள் கிளம்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்பது எங்கள் பக்க வழக்கம். அந்த ஒரு வாரம் வந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தி, எழுந்து, ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். சின்ன வயதில் அது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கிறது. அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. சொல்லிக்கொள்ளாமல் போனவர் வீட்டில் வேறு எப்படிப் போவது.

கட்டிலை அப்பா தனியாகவே முடித்திருந்தார். மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு இழுத்துப் பின்னினாராம். கம்பி எவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும், எப்போது இறுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ஒரு பக்கம் தொய்ந்துவிட்டது. அந்தத் தொய்விலேயே ஒரு வருஷத்துக்கு மேல் படுத்திருக்கிறார்.

மெல்பர்னில் நான் முதியோர் வார்டில் நர்ஸ். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்றாலே ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிதான். சின்னப் பிள்ளையில் அந்தத் தெருக்களில் தறிச் சத்தத்துக்கு நடுவே நடந்திருக்கிறேன். வார்டில் கட்டுத்துணிப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதில் வந்துபோகும். அங்கே நிறையக் கடைசி நாட்களைப் பார்க்கிறேன். பிள்ளைகள் எங்கிருந்தெல்லாமோ விமானம் பிடித்து வருவார்கள். வந்ததும் என்ன செய்வது என்று தெரியாது. பெரிதாக ஏதோ பேச வேண்டும் என்று நினைப்பார்கள். வார்த்தை வராது, தாழ்வாரத்தில் நடப்பார்கள், போனை எடுப்பார்கள். நான் அவர்களிடம் ஒரு நகவெட்டியைக் கொடுப்பேன். இல்லையென்றால் களிம்பு டியூப். "கால் விரல் நகம் வளர்ந்திருக்கு, வெட்டிவிடுறீங்களா?" என்று கேட்பேன். கை ஒரு வேலையில் இறங்கியதும் தோள் இறங்கிவிடும். அரைமணி நேரத்தில் அந்த அறையில் பேச்சு தானாக நடந்துகொண்டிருக்கும், பெரும்பாலும் ஒன்றுமில்லாத பேச்சு. மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துப் பல வருஷம் சம்பளம் வாங்கியவள்தான் நான். என் அப்பா என்னிடம் முனையை நீட்டியபோது எனக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்று நிறைய யோசித்துவிட்டேன். கிளம்பும் நாளை நான் என்னுடைய நாளாக நினைத்துக்கொண்டதுதான் காரணம் என்று படுகிறது. என்னுடைய கடைசி நாள், என்னுடைய பட்டியல், எனக்குக் கிடைக்க வேண்டிய முகங்கள். ஆனால் ஊருக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பாவுக்கு அது கட்டில் பின்ன வேண்டிய நாள். அவருடைய நாளுக்குள் எனக்கு ஒரு இடம் இருந்தது, ஒரு முனை இருந்தது. நான் அதை விட்டுவிட்டு, பதினோரு வீடுகளில் என் நாளை வசூல் செய்யப் போனேன்.

விடைபெறும் வழக்கமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போவது நம் ஊரில் பெரிய குற்றம், அது குற்றமாகவே இருக்கட்டும். வில்லிபுத்தூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அம்மா அதைத்தான் பேசினாள். இந்த முறை சொந்தக்காரர்களை எல்லாம் வந்த பத்து நாளுக்குள்ளேயே பார்த்துவிட்டேன், உட்கார்ந்து பார்த்தேன், கிளம்பும் தேதியையும் அப்போதே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அது போதவில்லை. "கெளம்புற அன்னைக்கு ஒரு எட்டு எட்டிப் பாக்காமப் போனா, நாளைக்கு என்னையத்தான் கேப்பாக" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு; நான் போய்விடுவேன், அவள்தான் அந்தத் தெருக்களில் நடக்க வேண்டும். மற்றவர்களுக்குப் போன் போடுவது, அத்தை வீட்டுக்கு மட்டும் நேரில் போவது என்று முடிவானது.

அத்தை வீட்டுக்குப் போகும் வழியில் காந்தி கலை மன்றம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும், பிறகு ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே கொடுத்து உண்டானது அது. பள்ளிக்கூட நாளில் அங்கே பேச்சுப் போட்டிக்குப் போனபோது இது ஒருவருடைய வீடு என்பதே உறைக்கவில்லை. இப்போது அதைத் தாண்டும்போதெல்லாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வாசற்படியை அவர் இறங்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். வீட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது என்று தெரிந்தவர் எல்லோரும் அதைக் கொடுத்துவிடுவதில்லை.

அத்தைக்கு எண்பத்தாறு. என்னைப் பார்த்ததும், "இன்னிக்கா போற?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, அந்த மொச்சையை எடு" என்றாள். சுளகு நிறைய மொச்சைக்காய். உட்கார்ந்து உரித்தோம். முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு நாய் குட்டி போட்டிருப்பதைப் பற்றி, எட்டுக் குட்டியில் ஒன்றுக்கு மட்டும் மூக்கு ரோஸ் நிறம் சரியாக வரவில்லை என்பதைப் பற்றி அத்தை விலாவாரியாகச் சொன்னாள். ராஜபாளையம் நாய் வளர்க்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம். கிளம்பும்போது திருநீறு பூசினாள். முன்பெல்லாம் 'இன்னொரு தடவை பாப்பேனோ மாட்டேனோ' என்று அழுவாள். இன்றைக்கு அழவில்லை; உரித்த பருப்பில் ஒரு கிண்ணம் அம்மாவுக்கு என்று கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பதினொன்றரை. பெட்டி முந்தின நாளே கட்டி முடிந்திருந்தது. முப்பது கிலோ, சரியாக. முற்றத்தில் வெயில் பாதி தூரம் வந்திருந்தது. போன வாரம் அம்மா வாங்கி வைத்த புது நாடாச் சுருள் ஸ்டோர் ரூமில் கிடந்ததைப் பார்த்திருந்தேன். கேட்டேன். "யாராச்சும் கெடைக்கட்டும்னு வச்சிருக்கேன்" என்றாள். யாராவது என்ற அந்த வார்த்தை எனக்கு வலித்தது. அவள் அதை வலிக்கச் சொல்லவில்லை. இருபத்தாறு நாளில் அவள் என்னைக் கேட்கவே இல்லை. வந்துபோகிற பெண்ணிடம் வீட்டு வேலை சொல்லக் கூடாது, அவள் சாப்பிட்டுத் தூங்கட்டும் என்பது அவள் எண்ணம். விருந்தாளியிடம் யாரும் முனையை நீட்டுவதில்லை.

"கட்டிலைத் தூக்கும்மா" என்றேன்.

பழைய நாடாவைப் பிரிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அப்பா போட்ட முடிச்சு ஒவ்வொன்றும் ஃபிட்டர் முடிச்சு, அவிழ்வேனா என்றது. கத்தரிக்கோலை எடுத்தேன். அம்மா தடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊக்கு முனையால் நெம்பி நெம்பி அவிழ்த்தாள். தொய்ந்த பக்கத்து நாடா பழுப்பேறி மெலிந்திருந்தது. அதை அவள் சுருட்டி ஓரமாக வைத்தாள். எடுத்துவைத்துக்கொள்ளட்டுமா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள், "செடி கொடி கட்ட ஆகும்" என்றாள்.

சட்டத்தைத் துடைத்தோம். நெடுக்கு நாடா இழுக்கும்போது நான் சுருளை விட்டு வாங்கினேன், அம்மா பிடித்தாள். எழுபத்தெட்டு வயதுக் கைக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. குறுக்கு பின்ன ஆரம்பித்ததும் இடம் மாறிக்கொண்டோம். ஒன்று மேலே, ஒன்று கீழே. திரும்பி வரும்போது மேலே போனது கீழே. அம்மா சுருளை நுழைத்துவிட்டு "ம்" என்பாள், நான் இழுப்பேன். "விடு" என்பாள், தளர்த்துவேன். நான் தளர்த்தத் தாமதித்தால் அவள் பக்கத்தில் கோணும். மூன்று வரி போனதும் அந்த "ம்"மும் "விடு"வும் தேவைப்படவில்லை. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முருங்கைக்காய் விலை, சஞ்சீவி மலைப் பக்கம் புதிதாக வந்திருக்கும் வீடுகள், மதினிக்குத் தைராய்டு, மெல்பர்னில் என் பின்வாசலில் கறிவேப்பிலை பட்டுப்போனது. நடுவில் சோறு ஆறிப்போய், மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். போன் இரண்டு தடவை அடித்தது. ஒரு தடவை விமான நிலையம் சீக்கிரம் வரச் சொல்லும் குறுஞ்செய்தி.

முக்கால் கட்டில் ஆகியிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. நாலே முக்கால். இன்னும் மூன்று சாண் பாக்கி. "ஒரு அரைமணி நேரம் நிக்கச் சொல்லுவோம்மா, முடிச்சிரலாம்" என்றேன். நிஜமாகவே முடித்துவிட்டுப் போக வேண்டும்போல இருந்தது. அம்மா வானத்தைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள்.

"திருமங்கலத்துக்கிட்ட வண்டி நெருக்கடியா இருக்கும். நீ கெளம்பு."

என் கையிலிருந்த முனையை வாங்கி, தளராமல் சட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். நிற்கிறது.

"எதிர்த்த வீட்டுப் புள்ள நாளைக்கு காலேஜ் விட்டு வந்ததும் பிடிக்கச் சொல்றேன். நல்லா பலமாப் பிடிக்கும்" என்றாள். பிறகு, "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?"